திமிங்கலத்தின் கணுக்கால்

என் மனைவி சொன்னது சரி என்று அவள் பாடம் நடத்தும் பள்ளியின் தாளாளருக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும்போது மைக் முன்னால் அவளை வருத்தம் தெரிவிக்க வைத்தவர் அவர்தான். அவளிடமிருந்து ப்ளஸ் டூ உயிரியல் வகுப்பைப் பிடுங்கியவரும் அவர்தான். பிறகு தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என்னிடம் மட்டும், "அம்மணி சொன்னது சரிதானுங்க தம்பி" என்றார். கதவைத் திறந்ததும் மறந்துவிட்டார்.

எனக்கு நயமாக எழுத வராது. வீரபாண்டியில் ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பனியன் துணியில் முயல், கார், பூ, எனக்குப் படிக்கத் தெரியாத வெளிநாட்டு வாசகம், எது கொடுத்தாலும் அச்சடிப்பேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பிழைக்க வந்த இடத்திலேயே பெண்ணும் பார்த்துக் கட்டிக்கொண்டேன். என் மனைவி இந்த ஊர்க்காரி. என்னைத் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். எங்கள் பக்கம் கொஞ்சுவதே சண்டை போடுவது போல இருக்கும் என்று அவள் சொல்வாள். இங்கே சண்டை போடுவது கொஞ்சுவது போல இருக்கும் என்று நான் சொல்வேன். அந்த வேறுபாட்டில்தான் இத்தனை வருசம் பொழுது போயிருக்கிறது.

நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "எழுதறதுன்னா எழுதுங்க. ஆளு பேரு போடாதீங்க. எலும்பை மட்டும் தப்பில்லாம எழுதுங்க."

அதனால் இதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. எலும்புக்கு விளக்கம் உண்டு.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அன்றைக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட் போட வேண்டும் என்று முடிவானது. தாளாளருக்குச் சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி இருக்கிறது. ஆர்டர் போக மிஞ்சிய நேவி ப்ளூ டி-ஷர்ட் அவரிடம் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. நெஞ்சில் ஒரு படம் அடித்தால் போதும். படம் வரைய உயிரியல் டீச்சர் இருக்கிறாள், அச்சடிக்க அவள் புருசன் இருக்கிறான். வேலை எங்கள் டேபிளுக்கு வந்துவிட்டது.

என் மனைவி வரைந்து கொடுத்தது ஒரு மரம். இலை கிடையாது, கிளைதான். கிளை நுனிகளில் விலங்குகள். அடியிலிருந்து போனால் முதலில் ஒட்டகத்தின் கிளை பிரிகிறது. அப்புறம் பன்றி. அப்புறம் ஆடும் மாடும் மானும் இருக்கும் கிளை. உச்சியில் ஒரு கவட்டை. அந்தக் கவட்டையின் ஒரு பக்கம் நீர்யானை, மறுபக்கம் திமிங்கலம். நடுவே ஆங்காங்கே வெறும் கோட்டு உருவமாகச் சில விலங்குகள். அவை இப்போது உலகத்தில் இல்லை, புதைபடிவமாக மட்டும் கிடைத்தவை என்றாள்.

நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏய் டீச்சர், நீர்யானை பக்கத்துல திமிங்கலம் நிக்குது. தப்பா ஒட்டிட்டியா? சுறா எங்க?"

"சுறா மீனுங்க. அதுக்கு இந்த மரத்துல எடமில்ல."

"திமிங்கலத்துக்கு மட்டும் எடம் இருக்காக்கும்?"

"அது குட்டி போட்டுப் பால் குடுக்குதுங்க. அதைக்கூடப் படிக்காமயா என் கழுத்துல தாலி கட்டுனீங்க?"

"தாலி கட்டுறதுக்குத் திமிங்கலம் சிலபஸ்ல இல்ல. சரி, பால் குடுக்கட்டும். நீர்யானை எதுக்கு? ரெண்டும் தண்ணியில கெடக்குங்கறதாலயா?"

"தண்ணியில கெடக்கறதெல்லாம் சொந்தம்னா எருமைக்கும் ஆமைக்கும் கல்யாணம் பேசலாமுங்க."

எங்கள் டேபிளில் ஒடிசாக்காரர் ஒருவர் பிரிண்டர். அவர் மை இழுக்கும் ஸ்குவீஜியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பாதி தமிழ், மீதி இந்தி. "பையா, மேடம் சொல்றது அடிச்சிடு. நம்ம கிளையண்ட் அவங்கதான்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் எனக்குப் புரியாத படத்தை நான் அச்சடிப்பதில்லை. வெளிநாட்டு வாசகம் வேறு விசயம்.

அப்போது அவள் கேட்டாள்: "காதர்பேட்டையில உங்க முயலைக் கண்டுபிடிச்சீங்களே, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அந்த முயல் கதையை நான் சொன்னால் கோபத்தில்தான் சொல்வேன். குழந்தைகள் பனியனுக்கு ஒரு முயல் அடித்தோம். ஸ்கிரீன் எடுக்க வைத்திருந்த படத்தின் ஃபிலிமில் ஒரு தூசி ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஃபிலிமை வைத்து எடுத்த ஸ்கிரீன் எல்லாவற்றிலும் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியாக மை இறங்கி, அச்சில் முயலின் இடது காதுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. வாங்கியவர் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் ஒரு கடையில் குவித்துப் போட்டிருந்த பனியனில் அதே முயல். முயல் யார் வேண்டுமானாலும் போடலாம். எல்லா முயலுக்கும் ரெண்டு காது இருக்கும், மீசை இருக்கும். அதை வைத்து அது என் முயல் என்று சொல்ல முடியாது. ஆனால் இடது காதுக்குக் கீழே அதே பொட்டு. எவனோ என் தூசியைக்கூட விடாமல் திருடியிருக்கிறான்.

அடுத்த கடையிலும் அந்த முயல். பொட்டு இருந்தது, கூடவே ஒரு மீசை முடி காணோம். மூன்றாவது கடையிலும் பொட்டு, அங்கேயும் அதே மீசை முடி காணோம், அதற்குமேல் கண்ணுக்குச் சிவப்பு வேறு அடித்திருந்தான். நடுத்தெருவில் நின்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டு இருப்பதெல்லாம் என் ஃபிலிமின் வழி வந்தது. மீசை போனது இரண்டும் அதற்குள் ஒரு தனிக் கிளை. ஒருவன் திருடியதிலிருந்து வந்தவை. யாரும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. பொட்டும் மீசையும் கொடுத்தன.

"அதையேதானுங்க விஞ்ஞானிகளும் செய்யறாங்க" என்றாள். "முதுகெலும்பு இருக்குது, நாலு காலு இருக்குதுன்னா ஒண்ணும் தெரியாது. அது உங்க முயலோட ரெண்டு காது மாதிரி. எல்லாத்துக்கும் இருக்கும். ஒரு எடத்துல புதுசா வந்த மாத்தம் எது, அதை யாராரு பங்கு போட்டிருக்காங்க, அதைப் பாக்கோணும். ஒரே ஒரு பொட்டை நம்பவும் கூடாதுங்க. நெறையச் சேத்துப் பாத்து, எந்த மரத்துக்கு எல்லாம் பொருந்துதோ அதைத்தான் ஏத்துக்குவாங்க."

"அப்ப திமிங்கலத்துக்கு எங்க பொட்டு?"

"கணுக்கால்லங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திமிங்கலத்துக்குக் கணுக்கால்! கொலுசு போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது ஆட்டின் பின்னங்கால் கணுக்கால் மூட்டை வெட்டாமல் முழுசாக வாங்கி வரச் சொன்னாள்.

கறிக்கடைக்காரர் எனக்குப் பழக்கம். "அண்ணே, பின்னங்கால் கணுவுல இருக்கற எலும்பு ஒடையாம வேணும். கத்தி படக்கூடாது" என்றேன்.

"சூப்புக்குங்களாண்ணா?"

"இல்ல. திமிங்கலத்துக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்ணா, ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்களே?" என்றார். ஆனாலும் எலும்பைப் பக்குவமாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.

வேகவைத்து, சதையைச் சுரண்டி, கழுவிக் காயவைத்தோம். பேரீச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நான் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டுத் துப்பிய எலும்புதான், ஒருநாளும் பார்த்ததில்லை. மேல் முனையில் கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேடு. திருப்பினால் கீழ் முனையிலும் அதே போல ஒரு கப்பி. இரண்டு முனையிலும் கப்பி இருப்பதால் கால் முன்னும் பின்னும் நன்றாக மடங்கும், ஓடுவதற்கு வசதி என்றாள். நாய்க்கும் குதிரைக்கும் நமக்கும் இந்த எலும்பில் மேல் முனையில்தான் கப்பி. கீழ் முனை வேறு மாதிரி. இரட்டைக் கப்பி இருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகிய இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். இதுதான் அவர்களுடைய பொட்டு.

"சரி, திமிங்கலத்துக்குத்தான் காலே இல்லையே?"

"அதுக்குத்தானுங்க ஃபாசில் வேணும்" என்றாள். "இன்னைக்கு இருக்கற திமிங்கலத்துகிட்டக் கேட்டா அது என்னத்தைச் சொல்லும்? பின்னங்கால் தேஞ்சு உள்ளுக்குள்ள ஒரு துண்டு எலும்பாப் போச்சு. கால் இருந்த காலத்துத் திமிங்கலத்தைத் தோண்டித்தான் கேக்கோணும்."

தோண்டியிருக்கிறார்கள். பாகிஸ்தான் மலைகளிலும் நம் கட்ச் பக்கத்திலும் ஒரு காலத்தில் கடலோரமாக இருந்த பாறைகளில் பழைய திமிங்கலங்கள் கிடைத்தன. சில கோடி வருசம் பழையவை. மண்டையின் காது எலும்பில் ஒரு பக்கச் சுவர் தடித்திருக்கும். அது திமிங்கலத்தின் அடையாளம். காஷ்மீர்ப் பாறையில் கிடைத்த, பூனை அளவே உள்ள மான் போன்ற ஒரு சின்ன விலங்குக்கும் அதே தடித்த காதுச் சுவர்; அதுவும் திமிங்கலத்துக்கு நெருங்கிய சொந்தம். அந்தப் பழைய திமிங்கலங்களுக்குப் பின்னங்காலும் இருந்தது. காலோடு கணுக்கால் எலும்பும் கிடைத்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு முனையிலும் கப்பி. காதைப் பார்த்தால் திமிங்கலம், கணுக்காலைப் பார்த்தால் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டின் சொந்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விசயம். அதுவரை எலும்பு ஆராய்ச்சிக்காரர்கள் பலர் வேறு கட்சியில் இருந்தார்கள். குளம்பு வைத்துக்கொண்டு இறைச்சி தின்ற, அழிந்துபோன வேறொரு விலங்குக் குடும்பத்திலிருந்துதான் திமிங்கலம் வந்தது என்றார்கள். பல் ஒரே மாதிரி இருந்ததாம். உயிரோடு இருக்கும் விலங்குகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள் நீர்யானை என்றார்கள். எலும்புக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பல்லை நம்பி மோசம் போயிட்டாங்களா?" என்றேன்.

"ஒரே மாதிரி எரையைத் தின்னா ஒரே மாதிரிப் பல்லு வருமுங்க. சொந்தம் இல்லீன்னாலும் வரும்."

அது எனக்கு உடனே புரிந்தது. தைக்க வேண்டிய அளவுகளைக் குறித்த ஒரே தாள் இரண்டு கம்பெனிக்குப் போனால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே மாதிரிச் சட்டை தைத்து அனுப்புவார்கள். அதற்காக இரண்டும் ஒரு கம்பெனி ஆகிவிடாது.

அந்தக் கணுக்காலைத் தோண்டி எடுத்தவர்களே பல்லை நம்பிய கட்சிக்காரர்கள். எலும்பைப் பார்த்ததும், இதுவரை நாங்கள் நினைத்தது சரியில்லை என்று ஊரறிய அச்சில் எழுதிவிட்டுக் கட்சி மாறினார்கள். இதை இங்கே நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாளாளரும் வைத்துக்கொள்ளட்டும்.

டி-ஷர்ட் அடித்து முடித்தோம். நேவி ப்ளூவில் வெள்ளை மை. நான் அடித்ததில் நல்ல வேலை என்று சொல்லிக்கொள்வேன். ஒரு பொட்டுகூட விழவில்லை.

கண்காட்சி அன்று கடைசிப் பெட்டியை இறக்க நானே போயிருந்தேன். ஹால் முழுக்கப் பெற்றோர்கள். பிள்ளைகள் எல்லோர் நெஞ்சிலும் என் மரம். ஒரு மேசையில் என் மனைவி ஆட்டுக் கணுக்காலை வைத்து, பக்கத்தில் பழைய திமிங்கலத்தின் கணுக்கால் படத்தை நிறுத்தி, வருபவர்களை இரண்டையும் ஒப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாளாளர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மைக். ஒரு பையனின் நெஞ்சைப் பார்த்தார், நின்றார்.

"ஏனுங் டீச்சரம்மா, இந்த நீர்யானைதான் திமிங்கலத்துக்குத் தாத்தனுங்களா?"

"இல்லீங்க சார். தாத்தனும் இல்ல, பேரனும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே..."

அவர் அதற்குள் போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். எதையோ படித்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்க, திமிங்கலம் ஃபாசிலு அஞ்சு கோடி வருசத்துதுன்னு போட்டிருக்குது. நீர்யானை ஃபாசிலு அதுக்கு ரொம்பப் பின்னாடித்தான் கெடைக்குதாமுங்க. பேரன் பொறந்து சில கோடி வருசம் கழிச்சுத் தாத்தன் பொறப்பானுங்களா?"

ஹாலே சிரித்தது. எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது, நல்ல கேள்விதான். பிரச்சினை கேள்வியில் இல்லை. பதிலைக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை. என் மனைவி வாயைத் திறந்தாள். மைக் அவர் கையில் இருந்தது. "நம்ம பிள்ளைக நெஞ்சுல தப்பைக் குத்திட்டோமுங்க. மன்னிச்சுக்கோங்க. டீச்சரம்மா, தப்பை ஒத்துக்கிட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிடாதுங்க. திங்கக்கிழமை பிரேயர்ல பிள்ளைககிட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசையில் எரிமலை பார்க்கப் போனார். சோடா உப்பும் வினிகரும் போட்ட எரிமலை. அதற்குக் கைதட்டல்.

பனியன் பெட்டி கையில் இருந்தது. அதை அவர் காலில் போட்டிருக்கலாம். போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன்.

"நீ சொல்லக் கூடாது. உன் படம் சரி."

"சொல்றனுங்க."

"எதுக்கு?"

"ப்ளஸ் டூக்குப் பாதிப் பாடம் இன்னும் கெடக்குது. அவர்கூட மல்லுக்கு நின்னா அந்தப் பிள்ளைகளுக்கு யாருங்க நடத்துவா? ஒரு வரி சொல்லிட்டு கிளாசுக்குப் போயிருவேன்."

திங்கட்கிழமை பிரேயரில் சொன்னாள். டி-ஷர்ட்டில் தவறான படம் வந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி. சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனால், அங்கே வேறொரு ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். பெற்றோர்கள் கேட்கிறார்கள், கொஞ்ச நாள் ஆறாம் வகுப்பு எடுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த வகுப்புக்காகத் தலை குனிந்தாளோ அந்த வகுப்பும் போச்சு.

டி-ஷர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. துணி எக்ஸ்போர்ட் துணி, யார் கொடுப்பார்கள்? இப்போதும் டியூசனுக்குப் போகும் பிள்ளைகள் அதைத்தான் போடுகிறார்கள். மங்கலம் பஸ்சில் ஒரு நாள் நானே பார்த்தேன். ஆனால் அவளைப் பார்த்தால் சில பிள்ளைகள் நெஞ்சைக் கையால் மறைத்துக்கொள்கிறார்களாம். மரியாதைக்காகச் செய்கிறார்கள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலிக்கிறது.

நான் எலும்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாளாளரைப் பார்க்க அவர் கம்பெனிக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் 'வேண்டாமுங்க' என்பாள்.

அவர் என்னை நன்றாகத்தான் வரவேற்றார். இந்த ஊர் வரவேற்பு. "வாங்க தம்பி, உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா, டேய், தம்பிக்குக் காப்பி." கண்ணாடி மேசை. சுவரில் பெரிய போட்டோ ஒன்று, அவர்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். நடுவில் பட்டு வேட்டியில் அவர். சுற்றிலும் நிறையப் பேர்.

நான் எலும்பை எடுக்கவில்லை. போட்டோவைக் காட்டினேன்.

"சார், இவங்க எல்லாம் யாரு?"

"எங்க கூட்டமுங்க தம்பி. எல்லாம் பங்காளிக. எங்கெங்க இருந்தாலும் கோயில் ஒண்ணுதானுங்க."

"இதுல யாரு யாருக்குத் தாத்தன்?"

"அதெப்படிங்க? எல்லாரும் ஒரே பாட்டன் வழி வந்தவங்க. அவங்கவங்க ஊட்டுக்கு அவங்கவங்க தாத்தன்."

"இந்த மீசைக்காரர் வீட்டுத் தாத்தா சமாதி பழசா, உங்க தாத்தா சமாதி பழசா?"

"அவங்களுதுதான் பழசு. அவரு வெள்ளைக்காரன் காலத்துலயே போயிட்டாரு."

"அப்ப அவரு உங்க தாத்தாவுக்கு அப்பனா?"

"ஏனுங் தம்பி, வெளையாடறீங்களா? சமாதி பழசாயிருந்தா அப்பனாயிடுவானா? பங்காளிங்கறேன்..."

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். முகத்தில் ஒரு விசயம் போய் உட்கார்வதை நான் பார்த்தேன்.

"நீர்யானையும் திமிங்கலமும் பங்காளிகளா?"

"பங்காளிதான் சார். ஒண்ணுல இருந்து ஒண்ணு வரல. ஒரே பாட்டன். அந்தப் பாட்டனைத் தொட்டுக் காட்ட முடியாது, பங்காளிகளை வச்சுத்தான் அவர் எப்படி இருந்திருப்பார்னு சொல்ல முடியும். திமிங்கல வீட்டுச் சமாதி பழசாக் கெடைச்சிருக்கு. நீர்யானை வீட்டுச் சமாதி புதுசு. நடுவுல அந்த வீட்டு ஆளுக காணோமேன்னு கேட்டா, பன்றி மாதிரி இருந்து அழிஞ்சுபோன ஒரு கூட்டத்தோட பல்லும் தாடையும் கெடைச்சிருக்கு, அது நீர்யானைப் பல்லோட பொருந்துதுன்னு சொல்றாங்க. அந்த வெறும் கோட்டுப் படத்துல ஒண்ணு அதுதான். என் வீட்டுக்காரி இதைத்தான் சொல்ல வந்தா. மைக் உங்ககிட்ட இருந்துச்சு."

பிறகு எலும்பை மேசையில் வைத்தேன். எடுத்து உருட்டிப் பார்த்தார். மேலே ஒரு கப்பி, கீழே ஒரு கப்பி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எலும்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதைத்தானுங்க தம்பி இத்தனை வருசமாத் தின்னுட்டு எறிஞ்சிருக்கோம்" என்று சிரித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போதுதான் சொன்னார், அம்மணி சொன்னது சரிதான் என்று.

"அப்ப திங்கக்கிழமை பிரேயர்ல சொல்லிருங்க சார்."

"அதெப்படிங்க தம்பி? தாளாளர் தப்புச் சொல்லிட்டாருன்னு பிள்ளைக பேச மாட்டாங்களா?"

"என் வீட்டுக்காரி சொன்னாளே?"

"அவங்க டீச்சருங்க."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வருசா வருசம் ஸ்போர்ட்ஸ் டே பனியன் பிரிண்ட் எல்லாம் எனக்கே தந்துவிடுவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். கிளம்பும்போது எலும்பைக் கேட்டேன். "இது இங்கயே இருக்கட்டுமுங்க, நல்லாயிருக்குது" என்று காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டார். இன்றும் அவர் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்வது என் ஆட்டுக் கணுக்கால்தான். பார்த்தவர்கள் சொன்னார்கள். வருபவர்களுக்கு எல்லாம் அதைக் காட்டி, திமிங்கலத்துக்கும் இதே எலும்பு இருந்தது தெரியுமா என்று விளக்குகிறாராம். நன்றாகவே விளக்குகிறாராம்.

விசயத்தை அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது வீட்டில் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "ஒத்துக்கிட்டாருங்களா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். அப்புறம், "ஆறாம் வகுப்புக்கு நாளைக்குச் செல் பாடமுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் வருசக்கணக்காகத் திருத்தித் திருத்திச் சேர்த்த ப்ளஸ் டூ பரிணாமப் பாடம் அலமாரியில் கிடக்கிறது. ப்ளஸ் டூ வகுப்பில் இப்போது அந்தப் பாடம் நடக்கிறதா என்று கேட்டேன். புத்தகத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம்.

தாளாளர் சார், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். கோடி வருசப் பாறையை உடைத்து எலும்பு எடுத்தவர்கள், தாங்கள் நினைத்தது தப்பு என்று தெரிந்த அன்றே உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்றும் குறைந்து போகவில்லை. உங்களுக்கு மட்டும் என்ன குறைந்து போகும்? தப்பை ஒத்துக்கொண்டால் ஒன்றும் குறையாது என்று மைக்கில் சொன்னது நீங்கள்தான்.

மேசையில் இருக்கும் எலும்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை பிரேயரில், அதே மைக்கில், அதே பிள்ளைகள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்: டி-ஷர்ட்டில் இருந்த படம் சரியா, தப்பா? சரி என்றால், அவளுடைய ப்ளஸ் டூ வகுப்பு என்றைக்குத் திரும்பக் கிடைக்கும்? கதவைச் சாத்தாமல் சொல்லுங்கள்.